சிரட்டையும் வலையும்: உள்ளாடை வடிவமைப்புக்கு ஒரு முதல் பாடம்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். சாறி பிளவுஸ், சல்வார், பள்ளிக்கூடச் சட்டை என்று போய்க்கொண்டிருந்த வகுப்பில் ஒருநாள் ஒரு பிள்ளை கைபேசியை நீட்டி, "அக்கா, இப்ப இதுதான் ட்ரெண்ட். இதை எப்படித் தைக்கிறது?" என்று கேட்டாள். லேஸ் வைத்த, கம்பி இல்லாத ஒரு பிராவின் படம். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருடம் ஒரு கார்மென்ட்டில், அதாவது உடுப்புத் தொழிற்சாலையில், பிரா தைத்தவள் நான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்த வேலையைப் பற்றி யாரும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உள்ளாடையில் ட்ரெண்ட் என்பது எப்படி உண்டாகிறது, வடிவமைப்பாளர்கள் எதைப் பார்த்து வரைகிறார்கள் என்பதை ஊசியே பிடித்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் குசினிக்குள் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றும் எடுத்து வாருங்கள். சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் போர்த்திப் பாருங்கள். முடியாது. நடுவில் படியும், விளிம்பில் மடிப்பு மடிப்பாக எழும்பி நிற்கும். அந்த மடிப்புகளை எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளி, ஒரு பெரிய மடிப்பாகக் கிள்ளிப் பிடித்து, அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்டுங்கள். தட்டையாக இருந்த தாள் கிண்ணமாகிவிடும். பிளவுஸில் தையற்காரர் 'டாட்ஸ்' பிடிப்பது இதைத்தான். இப்போது இன்னொரு தாளில் அதே அளவை ஒரே இடத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். முதல் கிண்ணத்துக்குக் கூம்பு மாதிரி ஒரு முனை இருக்கும், இரண்டாவது உருண்டையாக வரும்.

பிராவின் கப்பில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு தையல் கோடும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்து அதை இடம் மாற்றினால் உருவமே மாறிவிடும். குறுக்கே ஓடும் தையல் ஓர் உருவம் தரும், நெடுக்கே ஓடுவது இன்னொன்று, பக்கத்தில் ஒரு துண்டைச் சேர்த்தால் மார்பை நடுப்பக்கமாக ஒதுக்கிக் கொடுக்கும்.

தட்டையான துணியை உருண்டையாக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. இழுபடும் துணியை எடுத்து, உடம்பே அதற்கு உருவம் கொடுக்கும்படி விட்டுவிடலாம். அல்லது செயற்கை நூல் துணியையோ மெல்லிய பஞ்சு அட்டையையோ சூடான அச்சுக்குள் வைத்து அழுத்தி, தையலே இல்லாத கிண்ணமாக வார்க்கலாம். வெட்டித் தைப்பது, இழுபட விடுவது, வார்ப்பது. கடையில் தொங்கும் எந்தப் பிராவை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்றில் ஒன்றோ, அவற்றின் கலப்போதான் இருக்கும். அந்தப் பிள்ளை காட்டிய படத்தில் இருந்தது இரண்டாவது வகை. அது தெரிந்தால், என்ன துணி வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சரி, கப் ஆயிற்று. அதைத் தாங்குவது எது? தோள்பட்டி என்றுதான் பலரும் சொல்வார்கள். பாரத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி ஓடும் அடிப்பட்டி. தோள்பட்டி கப்பின் மேல்விளிம்பு விழாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தோளில் பள்ளம் விழுகிறது என்றால், அனேகமாக அடிப்பட்டி தொளதொளவென்று இருந்து தன் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கும்.

இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா என்னைப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். அம்மா மெதுவான குரலில் கேட்க, கடைக்காரர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு 36ஏ என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பல வருடம் அதே அளவைத்தான் போட்டேன். முதுகில் பட்டி மேலே ஏறிக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க இழுத்து விட்டபடி இருப்பேன். கார்மென்ட்டில் சேர்ந்த பிறகு அளந்து பார்த்தேன், நான் 32சி.

எழுத்து ஏயிலிருந்து சிக்குப் போனதைக் கேட்டு மார்பு பெரியது என்று அர்த்தம் எடுத்துவிடாதீர்கள். எண்தான் அடிப்பட்டியின் அளவு. மார்புக்குக் கீழே நாடாவை இறுக்கிச் சுற்றினால் வருவது. எழுத்து என்பது மார்பின் எடுப்பான இடத்தில் எடுக்கும் அளவுக்கும் அந்த அடி அளவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஓர் அங்குலம் கூட இருந்தால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. அடி அளவு மாறும்போது அதே எழுத்துக்குரிய கிண்ணத்தின் கொள்ளளவும் மாறுகிறது. அதனால் 36ஏ, 34பி, 32சி மூன்றுக்கும் கிண்ணம் ஒன்றேதான். கிண்ணம் சரியாக இருந்தபடியால்தான் பட்டி பிழை என்று எனக்கு இத்தனை காலம் விளங்கவில்லை. சில கம்பனிகள் அடி அளவோடு சில அங்குலங்களைக் கூட்டிக் கணக்குப் போடுவதும் உண்டு. ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நம்புவதற்கு முன் போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது வெளிப்பக்கம் உள்ள, மிகத் தளர்ந்த கொக்கி வரிசையில் அது சரியாக நிற்க வேண்டும். இலாஸ்டிக் இழுபட இழுபட உள்வரிசைக்குப் போகலாம். மூன்று வரிசை வைத்துத் தைப்பது அதற்காகத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ட்ரெண்டுக்கு வருவோம். ஏதோ ஒரு நாட்டில் யாரோ நான்கு பேர் கூடி, அடுத்த வருடம் இதுதான் என்று முடிவெடுப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நூல், லேஸ், நிறம் எல்லாம் கடைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே கண்காட்சிகளில் வைக்கப்படும், பெரிய கம்பனிகள் அங்கே போய்த்தான் தெரிவு செய்யும். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நின்று நிலைத்த ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் மூன்றில் ஒன்று இருந்திருக்கிறது. மேலே போடும் உடுப்பு மாறியிருக்கும், புதிய நூல் ஒன்று வந்திருக்கும், அல்லது பெண்களின் அன்றாடம் மாறியிருக்கும்.

நியூயோர்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் ஒரு விருந்துக்கு மெல்லிய கவுன் ஒன்றை உடுத்தப் போனாள். அந்தக் காலத்தில் உள்ளே போட்டது கோர்செட். திமிங்கிலத்தின் வாயில் உள்ள வளையும் தகட்டையோ உருக்குப் பட்டியையோ வைத்துத் தைத்து, இடுப்பை இறுக்கிக் கட்டும் கவசம். அதன் கம்புகள் கவுனுக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தன. அவள் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் எடுத்து, பணிப்பெண்ணின் உதவியோடு ஒன்றாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். 1914இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு 1,500 டொலருக்கு அதை வோர்னர் கம்பனிக்கு விற்றுவிட்டாள். பிராவை அவள்தான் கண்டுபிடித்தாள் என்று சொல்வது சரியில்லை. பாரிஸில் எர்மினி கடோல் 1889இலேயே கோர்செட்டை இரண்டாக வெட்டிக் காட்டியிருந்தார். ஒஸ்திரியாவில் ஒரு கோட்டையில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கிண்ணம் வைத்துத் தைத்த லினன் துணிகள் அகப்பட்டிருக்கின்றன. நம்முடைய பழைய பாட்டுகளில் 'கச்சு' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது! எனக்கு இந்தக் கைக்குட்டைக் கதை பிடிப்பதற்குக் காரணம் வேறு. மேல் உடுப்பு மெல்லியதாக மாறியவுடன் உள்ளே இருந்ததும் மாறவேண்டி வந்ததை அது அப்படியே காட்டுகிறது.

அதற்குப் பிறகு வந்தவற்றையும் இந்த மாதிரியே வாசிக்கலாம். 1920களின் நேரான, இடுப்பில்லாத கவுனுக்கு மார்பைத் தட்டையாக்கும் பட்டிகள். 1930களில் கப்புக்கு எழுத்து அளவுகள். 1947இல் பாரிஸ் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கிய இடுப்பும் எடுப்பான மார்பும் கொண்ட உடுப்பைக் கொண்டுவர, 1950களில் கூம்பு வடிவக் கப்புகள். சிரட்டைத் தாளில் பார்த்தோமே, அந்த முனை. மெல்லிய ரீ சேர்ட் எல்லாருடைய உடுப்புமாக ஆனபோது, தையல் கோடு வெளியே தெரியாத வார்ப்புக் கப்புகள்.

நூல் பக்கம் பார்த்தால், 1938இல் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி நைலோனை அறிவித்தது. 1958இல் அதே கம்பனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் லைக்ரா என்று நாம் அறிந்த எலாஸ்டேனை உருவாக்கினார். ரப்பர் இழையை விட மெல்லியது, சாயம் பிடிக்கும், பல மடங்கு இழுபட்டுத் திரும்பி வரும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு அதைக் கலந்தால் போதும், துணியின் குணமே மாறிவிடும். எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் அந்த மனிதருக்கு ஒரு மாலை போடுவேன்.

வாழ்க்கை மாறியதற்கு நல்ல உதாரணம் 1977. அமெரிக்காவில் லிசா லிண்டால் என்ற பெண் ஓட்டப்பயிற்சி செய்பவர். வழக்கமான பிராவோடு ஓட முடியவில்லை. தோழி பொலி ஸ்மித் தையல் தெரிந்தவர். ஹிண்டா மில்லரும் சேர்ந்துகொண்டார். ஆண்கள் விளையாடும்போது போடும் ஜொக்ஸ்ட்ராப் இரண்டை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் பிரா பிறந்தது. அப்புறம் 2020இல் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, கம்பி வைத்ததைக் கழற்றிய பலர் திரும்பப் போடவே இல்லை. அந்தப் பிள்ளையின் கைபேசியில் இருந்த படத்துக்குப் பின்னால் இருப்பதும் அதுதான்.

இந்தக் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது முதல் தைத்த உடுப்பு இந்த நாட்டின் பெரிய ஏற்றுமதியாக வளர்ந்தது. 1987இல் அமலீன் சகோதரர்கள் மூவர் தொடங்கிய எம்ஏஎஸ் உலகப் பெயர் பெற்ற கம்பனிகளுக்கு உள்ளாடை தைக்கிறது. கிளிநொச்சியிலும் அவர்களுடைய தொழிற்சாலை இருக்கிறது. ஒரு பிராவுக்கு 20க்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். இரண்டு மில்லிமீற்றர் பிசகினால் கம்பி தைத்த இடத்தில் குத்தும். இந்த நுணுக்கம் நம் பெண்களின் விரல்களில் இருக்கிறது. தைப்பவர் வரையவும் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. வகுப்பு நடத்துவதற்கே அதுதான் காரணம்.

வரைவதென்றால் எதைப் பார்த்து வரைவது? நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது, உங்கள் உடம்பைப் பாருங்கள் என்று. இரவு கழற்றும்போது எங்கே சிவந்திருக்கிறது, எந்தத் தையல் அச்சு விழுந்திருக்கிறது, எந்தப் பட்டி வழுகியது. ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து வையுங்கள். அதை விடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது.

நிறத்தை எடுங்கள். எங்கள் பிள்ளைகள் வெள்ளைச் சீருடை போடுகிறார்கள். உள்ளே வெள்ளை போட்டால் தெரியாது என்று நினைத்து வெள்ளை வாங்கிக் கொடுக்கிறோம். அதுதான் பளிச்சென்று தெரியும்! வெள்ளைத் துணிக்குக் கீழே தோலின் நிறம் இலேசாகத் தெரியும். அதன்மேல் வெள்ளைப் பட்டி ஓடினால், அந்த இடம் மட்டும் வெளிறிக் கோடு கோடாகக் காட்டும். சொந்தத் தோல் நிறத்துக்குக் கிட்டிய நிறம் போட்டால் மறைந்துவிடும். ஆனால் கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் ஒரு வெளிர் மஞ்சள் நிறத்தை எடுத்துத் தருவார்கள். அது யாருடைய தோல்? என்னுடையது இல்லை, என் வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையுடையதும் இல்லை. லண்டனில் அடே ஹசன் என்ற பெண் இதே கேள்வியோடுதான் 2014இல் நூபியன் ஸ்கின் என்ற கம்பனியைத் தொடங்கி, பழுப்பின் பல நிறங்களில் உள்ளாடை கொண்டுவந்தார். இன்று பெரிய கம்பனிகள் பலவும் பல தோல் நிறங்களில் விற்கின்றன. வருடா வருடம் ஒரு நிறத்தைத் தெரிவு செய்து அறிவிக்கும் பான்டோன் என்ற நிற நிறுவனம் 2025க்கு எடுத்த நிறமே மோக்கா மூஸ் என்ற பழுப்பு.

நமக்கு அது கடைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடும் சாயத்தில் ஒரு சட்டி பிளேன்ரீ, அதாவது பால் விடாத தேநீர், ஊற்றி, சல்லடையில் வடித்து, நனைத்த வெள்ளை பிராவை அதற்குள் அமிழ்த்தி வையுங்கள். பருத்தியிலும் நைலோன் லேஸிலும் சாயம் நன்றாகப் பிடிக்கும், பொலியஸ்டரில் பிடிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்து, கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது கருமையாகத் தெரியும், காய்ந்தால் ஒருபடி வெளுக்கும். கழுவக் கழுவக் கொஞ்சம் போகும், அப்போது திரும்பவும் ஊற வைக்கலாம். வகுப்பில் நாங்கள் செய்த வேலைகளில் பிள்ளைகள் மிகவும் ரசித்தது இதைத்தான். ஆறு பிள்ளைகள், ஆறு நிறம்.

அடுத்தது வெக்கை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு, மார்புக்குக் கீழே வேர்த்து அவிந்து அரிக்கிற கதையைச் சொல்லத் தேவையில்லை. மேலே அபாயாவோ சாறியோ இருந்தால் இன்னும் மோசம். பருத்தி போடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். மெல்லிய இழையில் பின்னிய நைலோன் குறைவாக உறிஞ்சும், கெதியில் காயும். நான் தைப்பது இரண்டையும் கலந்து: தோலில் படும் கப்பின் உட்புறத்துக்கு மெல்லிய பருத்திப் பின்னல் துணி, முதுகுக்கும் பக்கத்துக்கும் காற்றுப் போகும் வலைத்துணி. துவைத்ததைத் துவாய்க்குக் கீழே ஒளித்துக் காயப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஈரம் போகாமல் பூஞ்சணம் பிடிக்கும். உச்சி வெயிலில் போட்டாலும் எலாஸ்டேன் நைந்துபோகும், குளோரின் கலந்த வெளுப்பு மருந்து அதைக் கொன்றே விடும். காற்றோட்டமான நிழல்தான் சரி. வெட்கப்பட ஒன்றுமில்லை, அது ஓர் உடுப்பு.

வலைத்துணி என்றேன். இதை நான் கடற்கரையில் பாடமாக எடுப்பேன். உப்புவெளிக் கரையில் வலை பொத்துகிற ஐயாமாரிடம் கேட்டு, ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். கண்கள் சாய்சதுரமாக இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் கண் அகலும், உயரம் குறையும். மேல்கீழாக இழுத்தால் கண் மூடிக்கொள்ளும். வலை நூல் இழுபடாது, முடிச்சுகளுக்கு நடுவில் உள்ள இடம்தான் உருவம் மாறுகிறது. பிராவின் முதுகுப் பக்கத்துக்கு வைக்கும் 'பவர் நெட்' இந்தக் குணத்தோடு எலாஸ்டேனையும் சேர்த்துப் பின்னியது. ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறைவாகவும் இழுபடும். கூட இழுபடும் திசை உடம்பைச் சுற்றிப் போக வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. வலையைப் பிடித்து இழுத்த அன்று எல்லாருக்கும் விளங்கியது.

அழகுக்கான எண்ணங்களுக்கும் இங்கே குறைவில்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் முருகைக்கற்களைப் பாருங்கள். மூளை மாதிரி வளைந்து வளைந்து ஓடும் ஒன்று, மான்கொம்பாகக் கிளைக்கும் இன்னொன்று. லேஸுக்கு இவை அருமையான உருவங்கள். 2003 முதல் அது தேசிய பூங்கா, ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. படம் பிடித்து வந்து வரையுங்கள். வரையும்போது லேஸின் ஒரு விதியை மனதில் வையுங்கள்: வலது கப்புக்கும் இடது கப்புக்கும் உருவம் கண்ணாடியில் பார்த்தமாதிரி எதிரெதிராக வர வேண்டும். அலை அலையான அதன் விளிம்பைத் தறிக்காமல் அப்படியே கப்பின் மேல்விளிம்பாக வைத்தால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை, மேலே போடும் உடுப்பில் தடிப்பும் தெரியாது. தெற்கே காலியிலும் வெலிகமவிலும் பீரலு என்று மரக்குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த கலை. அதைத் தோள்பட்டி ஓரத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. கோணேசர் கோயில் கோபுரம், தெய்வ உருவம், வேதவாக்கியம், எந்த மதத்தின் புனிதச் சின்னமும் உள்ளாடையில் வரக்கூடாது. ஒரு பிள்ளை கோபுரத்தின் அடுக்குகளை வரைந்து கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தது. அந்தக் கோயில் இருக்கும் கோட்டைக்குள் மேயும் மான்களின் புள்ளிகளை வரையச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அந்தக் கைபேசிப் பிள்ளை இப்போது தன் முதல் துண்டைத் தைத்துவிட்டாள். கப் இரண்டும் பிளேன்ரீயில் தோய்த்த லேஸ், உள்ளே மெல்லிய பருத்தி, முதுகுக்குக் கறுப்பு வலைத்துணி. தையல் நேர்த்தி. போன சனிக்கிழமை போட்டுப் பார்த்தாள், கொக்கி இரண்டு அங்குலம் எட்டவில்லை. வலையைக் கையில் இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, திசை மாறி வெட்டிட்டன்" என்று அவளே சொன்னாள். முன்பக்கம் அப்படியே இருக்க, முதுகை மட்டும் பிரித்து எடுத்து, துணியைத் திருப்பி வைத்து மறுபடி வெட்டப் போகிறோம்.